நான்கு உள்ளே, நான்கு வெளியே: ஒரு எச்டிஎம்ஐ மேட்ரிக்ஸ் பெட்டியோடு ஆறு மாதம்

பெட்டி நல்லது. பெட்டியோடு வந்த காகிதம் படுமோசம். ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு என் விமர்சனம் இவ்வளவுதான். ஆனால் பல கருவிகளின் படத்தை எச்டிஎம்ஐ கேபிள் வழியாகப் பல திரைகளுக்கு மாற்றி மாற்றி அனுப்பும் இது மாதிரிப் பெட்டி ஒன்றை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவருக்கு இந்த இரண்டு வரி போதாது. முதல் பத்து நாள் நான் பட்ட பாட்டை, விஷயம் தெரிந்திருந்தால் ஒரு மதியத்தில் முடித்திருக்கலாம்.

கம்பெனியின் பெயரை எழுதவில்லை. இதே உலோகப் பெட்டி, இதே பொத்தான் வரிசை, இதே சின்னத் திரை, மேலே ஒட்டிய பெயர் மட்டும் வேறு வேறாக நான்கைந்து இடத்தில் விற்பனைக்கு இருக்கிறது. உள்ளே இருப்பது எல்லாம் ஒன்றுதான் என்று தோன்றுகிறது. அதனால் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், பின்பக்கப் படத்தையும், விநாடிக்கு எவ்வளவு தகவல் கடத்தும் என்பதற்கு 18 ஜிகாபிட் என்று போட்டிருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

எங்கள் வீட்டு நிலவரம் இது. ஹாலில் ஒரு 4கே டிவி, வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் பளிச்சென்று காட்டும் எச்டிஆர் உண்டு. அப்பா அறையில் பழைய 1080பி டிவி. நான் வீட்டிலிருந்து கணக்கு வேலை பார்க்கும் அறையில் ஒரு 4கே மானிட்டர். ஹால் அலமாரியில் செட்டாப் பாக்ஸ், ஸ்ட்ரீமிங் பாக்ஸ், படங்களும் வீட்டு வீடியோக்களும் போட்டு வைத்திருக்கும் ஒரு கம்ப்யூட்டர், பையனுடைய கேம் கன்சோல். இந்த நான்கில் எதையும் அந்த மூன்று திரையில் எதற்கும் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதற்குத்தான் மேட்ரிக்ஸ். ஒரே படத்தை எல்லாத் திரைக்கும் பிரித்துத் தருவது ஸ்ப்ளிட்டர். இது அப்படியில்லை, ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியாக வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். வாங்கும்போது பலர் இதில் குழம்பி ஸ்ப்ளிட்டரை வாங்கிவிடுகிறார்கள்.

முதல் நாள் எல்லாம் சொருகி, ஆன் செய்து, ஒரே ஒரு கேபிளை மட்டும் பிடுங்கிச் சொருகியதும் எல்லாத் திரையிலும் படம் வந்தது. கைதட்டாத குறைதான். ராத்திரி படம் பார்க்க உட்கார்ந்தபோது என் கணவர்தான் கேட்டார், "ஏன் மங்கலா இருக்கு? நம்ம டிவி இப்படி இருக்காதே?" டிவியின் தகவல் பொத்தானை அழுத்தினால் 1080பி, 60 என்று காட்டுகிறது. 4கே டிவியில், 4கே பெட்டி வழியாக, 4கே படம், பாதி அகலம் பாதி உயரத்தில் வந்துகொண்டிருந்தது.

காரணம் அப்பா அறையில் இருந்த பழைய டிவி. ஒவ்வொரு திரைக்குள்ளும் ஒரு சின்ன அறிமுகச் சீட்டு இருக்கிறது, அதற்கு ஈடிஐடி என்று பெயர். அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட், அதோடு இன்னொரு 128 பைட் இணைப்பு. நான் இன்ன அளவு காட்டுவேன், இன்ன வேகத்தில் காட்டுவேன், எச்டிஆர் தெரியும் அல்லது தெரியாது, இத்தனை சேனல் ஒலி வாங்குவேன் என்று அதில் எழுதியிருக்கும். படம் அனுப்பும் கருவி முதலில் இந்தச் சீட்டைப் படித்துவிட்டுத்தான் எதை அனுப்புவது என்று முடிவு செய்யும். எச்டிஎம்ஐ முனையில் 19 ஊசிகள் உண்டு. அதில் 12 படத்துக்கும் அதன் தாளத்துக்கும் போய்விடுகிறது, மிச்சம் ஏழில்தான் இந்தப் பேச்சுவார்த்தை எல்லாம். நடுவில் மேட்ரிக்ஸ் வந்தால் கருவி யாருடைய சீட்டைப் படிக்கும்? என் பெட்டி "ஆட்டோ" நிலையில் மூன்று திரைகளின் சீட்டையும் பார்த்து, எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்சத்தைக் கருவியிடம் சொல்லிவிடுகிறது. பந்தியில் ஒருவருக்குப் பல் இல்லை என்றால் எல்லாருக்கும் கஞ்சி என்கிற மாதிரி.

காகிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி இருந்தது: "ஈடிஐடியை உங்கள் தேவைக்கேற்ப அமைக்கவும்." என் தேவை என்ன என்று அதுவே சொன்னால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில் பெட்டியின் சின்னத் திரையில் மெனுவுக்குள் மெனுவாகப் போய், ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் "வெளியீடு 1-இலிருந்து நகலெடு" என்று கொடுத்தேன். வெளியீடு 1 ஹால் டிவி. அப்புறம் அப்பா அறைக்குப் போகும் வெளியீட்டில் மட்டும் 4கேயை 1080பி ஆகச் சுருக்கும் வசதியை ஆன் செய்தேன். இந்தச் சுருக்கும் வசதி இல்லாத மேட்ரிக்ஸை, வீட்டில் ஒரு பழைய டிவி இருந்தாலும் வாங்காதீர்கள். நட்சத்திரம் போடச் சொன்னால் இதற்காக மட்டும் ஒன்று சேர்த்துப் போடுவேன்.

ஹாலில் 4கே வந்தது. கூடவே புதுத் தொல்லையும் வந்தது. இருட்டுக் காட்சிகளில் திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள், மின்மினி மாதிரி. சில சமயம் ஒரு விநாடி மொத்தமாகக் கறுத்துத் திரும்பும். நேற்று வரை இல்லாதது இன்று வந்திருக்கிறது, நான் செய்தது மெனுவில் ஒரு மாற்றம் மட்டும். அதனால் மெனுவிலேயே அரை நாள் தேடினேன்.

அப்பா தொலைபேசி லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எச்டிஎம்ஐ என்பதை இன்னும் "எச்எம்டி" என்றுதான் சொல்வார். நான் மெனுவோடு மல்லுக்கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, லைன்ல கரகரன்னு சத்தம் வந்தா நாங்க போனைப் பிரிக்க மாட்டோம். பாதி வழியில போய் வெட்டிப் பார்ப்போம். இந்தப் பாதி சுத்தமா, அந்தப் பாதி சுத்தமான்னு" என்றார். சரி என்று கம்ப்யூட்டரை நேராக ஹால் டிவியில், பெட்டி இல்லாமல், அதே ஐந்து மீட்டர் கேபிளில் சொருகினேன். புள்ளிகள் அப்படியே. கம்ப்யூட்டரில் 60 ஹெர்ட்ஸை, அதாவது விநாடிக்கு 60 படம் என்பதை, 30 ஆக்கினேன். புள்ளிகள் மாயம். மறுபடி 60 வைத்து, பையனுடைய கன்சோல் கேபிளைப் பிடுங்கிப் போட்டேன். சுத்தம்.

கணக்கு எளிது. 4கே, 60 ஹெர்ட்ஸ், முழு நிறம், ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட் என்றால் விநாடிக்கு 17.82 ஜிகாபிட் ஓட வேண்டும். 18-இன் விளிம்பு அது. 30 ஹெர்ட்ஸ் என்றால் அதில் சரிபாதி. 1080பிக்கு அதிலும் கம்மி. பழைய கேபிள் இத்தனை வருடமும் 1080பி செட்டாப் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஒழுங்காகத்தான் இருந்தது. நான் ஈடிஐடியைச் சரி செய்ததும்தான் அதற்கு மூச்சு வாங்கியது. பெட்டியின் மேல் பழி போட இருந்தேன், பழி கேபிளுடையது. வெள்ளைப் புள்ளி என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள், மெனுவை அல்ல. புதுக் கேபிள் வாங்கும்போது "4கே", "8கே" என்று உறையில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். பிரீமியம் ஹை ஸ்பீட் என்றால் 18 ஜிகாபிட்டுக்கும், அல்ட்ரா ஹை ஸ்பீட் என்றால் 48 ஜிகாபிட்டுக்கும் சோதித்தது. அந்தப் பெயரோடு, போனில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் சீட்டும் உறையில் ஒட்டியிருக்க வேண்டும்.

என் வேலை அறைக்குப் போகும் 15 மீட்டர் கேபிள் ஒளியிழை வகை. அதில் முதல் நாள் படமே வராமல் இருந்து, பிடுங்கிச் சொருகியதில் "தானாகவே" சரியானது என்று நினைத்திருந்தேன். அது தானாகச் சரியாகவில்லை. பிடுங்கிய அவசரத்தில் இரண்டு முனையையும் மாற்றிப் போட்டிருக்கிறேன். இந்த வகைக் கேபிளுக்குத் திசை உண்டு, ஒரு முனை அனுப்பும் பக்கம், மறுமுனை திரைப் பக்கம். முனையின் கறுப்புப் பிளாஸ்டிக்கில் கறுப்பு எழுத்தாகவே, நகத்தால் தடவினால் உணரும் அளவுக்கு, பொறித்திருக்கிறார்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. சுவருக்குள் குழாய் வழியாக இழுப்பதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள். அப்பா இப்போது எல்லா முனையிலும் வெள்ளை டேப் சுற்றி, பேனாவால் எண் எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்தது அப்பாவின் புகார். பையனின் பள்ளி ஆண்டு விழாவை நான் போனில் எடுத்த வீடியோ. ஹாலில் பளிச்சென்று இருக்கிறது, அப்பா அறையில் எல்லார் முகத்திலும் சாம்பல் பூசியது போல. பெட்டி அளவைச் சுருக்குகிறதே தவிர, எச்டிஆர் வெளிச்சத்தைச் சாதா வெளிச்சமாக மாற்றித் தருவதில்லை. போன் எடுத்தது எச்டிஆர். அது பழைய டிவிக்கு அப்படியே போனால் வெளுத்துத்தான் தெரியும். விற்பனைப் பக்கத்தில் "4கே எச்டிஆர் ஆதரவு", "1080பிக்குச் சுருக்கும் வசதி" என்று இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன. இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யாது என்பதைச் சொல்லவில்லை. நான் வீடியோ ஓடும் கம்ப்யூட்டரின் உள்ளீட்டுக்கு மட்டும் எச்டிஆர் இல்லாத 4கே ஈடிஐடியைக் கொடுத்துவிட்டேன். இப்போது கம்ப்யூட்டரே மாற்றி அனுப்புகிறது, ஹாலில் கொஞ்சம் பளபளப்பு குறைந்தது, அப்பா அறையில் பேரன் முகம் முகமாகத் தெரிகிறது. நல்ல பேரம்.

எச்டிசிபியைத் தாண்ட இங்கே வழியே இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். படத்தை நகலெடுக்க விடாமல் காக்கும் பூட்டு அது. ஸ்ட்ரீமிங் பாக்ஸிலிருந்து 4கே படம் போக வேண்டுமானால் வழியில் இருக்கும் எல்லாமும் எச்டிசிபி 2.2 பேச வேண்டும். அப்பா டிவிக்கு 1.4 வரைதான் தெரியும். ஸ்ட்ரீமிங் பாக்ஸின் மெனு அழகாகத் தெரியும், படத்தைப் போட்டதும் திரை கறுப்பு. இப்படி மெனு தெரிந்து படம் மட்டும் தெரியவில்லை என்றால் கேபிளை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள், பூட்டுதான் காரணம். பெட்டி விதியைத்தான் பின்பற்றுகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "எதையும் எந்தத் திரையிலும்" என்று விளம்பரம் எழுதியவரைக் கொஞ்சம் குறை சொல்வேன். அப்பா அறைக்குத் தனியாக ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் சொருகிவிட்டோம்.

இதற்கு நடுவில் ஒரு பேய்க் கதையும் உண்டு. நான் வேலை பார்க்கும் மானிட்டர் நாளில் மூன்று நான்கு முறை இரண்டு விநாடி கறுத்துத் திரும்பியது. கணவருக்குச் சந்தேகமே இல்லை, "எல்லாம் நீ வாங்கின பெட்டிதான்." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பெட்டியைத் திருப்பி அனுப்ப அட்டைப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். அன்று அப்பா என் அறைக் கட்டிலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் எடுக்கப் போய்விட்டுத் திரும்பி வந்ததும் கேட்டார்:

"நீ எழுந்திரிச்சா டிவி அணையுதே, அது அப்படித்தான் இருக்கணுமா?"

"என்னப்பா?"

"நீ எழுந்திரிக்கும்போதுதான் போகுது. ரெண்டு தரம் பார்த்துட்டேன்."

உட்கார்ந்தேன். எழுந்தேன். ஒன்றும் இல்லை. "அப்படி மெதுவா இல்லை, போன் வந்தா எழுந்திரிப்பியே, அந்த மாதிரி." டக்கென்று எழுந்தேன். மானிட்டர் கறுத்தது. அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

இது உண்மையான விஷயம், தேடிப் பார்த்தால் பலருக்கு நடந்திருக்கிறது. வாயு அழுத்தத்தில் ஏறி இறங்கும் நாற்காலியில் உட்கார்ந்து எழும்போது நிலைமின்சாரம் சேர்ந்து பாயும். அந்தச் சின்ன அதிர்வைக் காற்றிலேயே வாங்கிக்கொள்ளும் அளவுக்கு மட்டமான கவசம் உள்ள கேபிள் பக்கத்தில் இருந்தால், சமிக்ஞை அறுந்து, மானிட்டர் மறுபடி இணைப்பைப் பேசி முடித்து எழ ஓரிரு விநாடி ஆகும். என் மேஜையில் லேப்டாப்பிலிருந்து மானிட்டருக்குப் போவது நூல் மாதிரி ஒரு கேபிள், எச்டிஎம்ஐகூட இல்லை, டிஸ்ப்ளேபோர்ட் என்கிற வேறு வகை. அதற்கும் மேட்ரிக்ஸுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை! நான் வேலை பார்க்கும்போது மானிட்டர் பெட்டியின் படத்தையே வாங்குவதில்லை. இதை யோசிக்காமல் பெட்டியைத் திருப்பி அனுப்ப இருந்தேன். தடித்த, கவசம் உள்ள, குட்டையான கேபிள் ஒன்று வாங்கி, நாற்காலிக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி விட்டதிலிருந்து ஒரே ஒரு முறைதான் கறுத்தது.

பெட்டியைப் பாராட்டவும் ஒரு விஷயம் இருக்கிறது. முன்பெல்லாம் ஹால் டிவியை அணைத்தால் கம்ப்யூட்டர், திரை போய்விட்டது என்று நினைத்து ஜன்னல்களை எல்லாம் கலைத்து மூலையில் குவித்துவிடும். திரும்ப ஆன் செய்தால் அளவும் மாறியிருக்கும். திரை இருக்கிறதா என்பதை 19-ஆவது ஊசியில் வரும் மின்னழுத்தத்தை வைத்துத்தான் கருவிகள் தெரிந்துகொள்கின்றன. இந்தப் பெட்டி எந்தத் திரை அணைந்தாலும் கம்ப்யூட்டர் பக்கம் அந்த ஊசியை விடாமல் பிடித்துக்கொண்டு, நகலெடுத்த சீட்டையும் காட்டிக்கொண்டே இருக்கிறது. ஆறு மாதத்தில் ஒரு ஜன்னல்கூட இடம் மாறவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட திரையோடு வேலை பார்ப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சிஇசியை முதல் நாளே அணைத்து வையுங்கள். ஒரு ரிமோட்டில் எல்லாவற்றையும் இயக்கும் வசதி அது, ஒற்றை டிவி வீட்டுக்குச் சுகம். எங்கள் வீட்டில் பையன் ஹால் டிவியை அணைக்க, செட்டாப் பாக்ஸும் சேர்ந்து தூங்கிவிட, உள் அறையில் அப்பா கடைசி ஓவரை இழந்தார். அன்று இரவு யாரும் யாரோடும் பேசவில்லை.

மற்றவை சுருக்கமாக. ஒலிக்கு ஒவ்வொரு வெளியீட்டிலும் தனி ஆப்டிகல் முனை கொடுத்திருக்கிறார்கள், 5.1 வரை பிரச்சினை இல்லை. ஹால் சவுண்ட்பாரை நான் டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் இஏஆர்சி முனையிலேயே விட்டுவிட்டேன், பெட்டிக்குள் அது நுழையாது. கன்சோலையும் பத்து நாளில் வெளியே எடுத்து நேராக ஹால் டிவியில் சொருகிவிட்டோம். 4கேயில் முழு நிறத்தோடு 120 ஹெர்ட்ஸ் விளையாட்டு 18 ஜிகாபிட்டுக்குள் அடங்காது, அதைப் பையன் எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டான். படம் மாற்றினால் நான்கைந்து விநாடி கறுப்பு, பூட்டும் சீட்டும் மறுபடி சரிபார்க்கும் நேரம் அது, பழகிவிட்டது. மின்விசிறி கீச்சென்று ஒரு சத்தம் போடுகிறது, அலமாரிக் கதவை மூடினால் கேட்காது, மூடினால் பெட்டி சுடும். நான் பாதி திறந்து வைத்திருக்கிறேன்.

முன்பக்கத்தில் ஒரு நீல விளக்கு. இருட்டில் படம் பார்க்கும்போது கண்ணைக் குத்தும், அணைக்க மெனுவில் வழியில்லை. போன மாதம் அதன் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டினேன். மறுநாள் ரிமோட் வேலை செய்யவில்லை. பேட்டரி மாற்றினேன், பெட்டியை மறு தொடக்கம் செய்தேன், ஈடிஐடியைக்கூட ஒரு முறை புதிதாக நகலெடுத்தேன். அப்பா வந்து டேப்பின் ஓரத்தை நகத்தால் அரை விரற்கடை உரித்தார். விளக்குக்குப் பக்கத்திலேயே ரிமோட்டின் கண்.